பனித்துளிச் செடியின் பூவும் விதையும்



திருப்பதிக்குச் சென்று வராத தமிழ்க் குடும்பம் அரிது. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழ்வோர்கூட, விடுமுறைக்கு ஊர் திரும்பும் வழியில் ஒரு நாளை அதற்கென ஒதுக்கி விடுவர். மலைப்பாதையில் நடந்து ஏறுவோர் படிகளை எண்ணுவர்; வளைவுதோறும் நின்று கீழே விரியும் ஊரை நோக்குவர். தம் காலடியை நோக்குவோர் சிலரே. மழைக்காலம் கழிந்து ஈரம் உலராத நாட்களில், இம்மலைத்தொடரின் நீர்க்கசிவுள்ள பாறைச் சரிவுகளிலும் கூழாங்கல் நிலங்களிலும் ஒரு ரூபாய் நாணயத்தின் அளவே உடைய ஒரு செந்நிறச் செடி தரையோடு ஒட்டிக் கிடக்கும். வெயில் ஏறிய பின்னும் அதன் இலைகளில் பனித்துளிகள் மின்னிக்கொண்டிருக்கும். அவை பனித்துளிகள் அல்ல. பூச்சிகளைப் பற்றும் பசைத்துளிகள். அச்செடியைப் பற்றியே இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விழைகிறோம்.

தாவர நூலார் இதனை டிரோசெரா என்பர். பனி படிந்தது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. உலகெங்கும் இருநூறுக்கு மேற்பட்ட வகைகள் இதில் உண்டு; அவற்றுள் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவுக்கு உரியவை. நம் நாட்டில் நெடுங்காலமாக அறியப்பட்டவை மூன்று. முதலாவது டிரோசெரா பர்மானி. ஆப்பு வடிவ இலைகள் ரோசாப்பூ இதழ்போல் தரையில் வட்டமாக அடுக்கப்பட்டது. இரண்டாவது டிரோசெரா இண்டிகா. நூல் போன்ற நீண்ட இலைகளுடன் நிமிர்ந்து வளர்வது. இதற்கு லின்னேயஸ் 1753-இல் பெயரிட்டார். மூன்றாவது டிரோசெரா பெல்டேட்டா. நீலகிரி போன்ற உயர்ந்த மலைகளில் நிலத்தடிக் கிழங்கிலிருந்து ஆண்டுதோறும் துளிர்ப்பது. முதலிரண்டும் சித்தூர், திருப்பதிப் பகுதிகளின் மலைச்சாரல்களில் காணப்படுகின்றன.

தமிழில் இதற்குப் பெயர் இல்லையா என்று கேட்கலாம். சித்த மருத்துவ வழக்கில் அழுகண்ணி என்றொரு மூலிகை பேசப்படுகிறது. கண்ணீர் துளிர்த்தது போன்ற இலையை உடையதாதலின் அப்பெயர் இச்செடிக்கே உரியது என்பர் சிலர். களர் நிலத்தில் வளரும் வேறொரு செடியே அழுகண்ணி என்பர் வேறு சிலர். அவ்வழக்கை அறிஞர்கள் தீர்க்கட்டும். நாம் இப்பேச்சில் பனித்துளிச் செடி என்றே வழங்குவோம்.

நம் தொழில் மொழிபெயர்ப்பு; தாவர இயலில் நாம் பட்டம் பெற்றோம் அல்லோம். மைய அரசின் பணியில் திருப்பதிக்கு மாற்றப்பட்டு வந்த முதல் ஆண்டில், சித்தூரை அடுத்த சிற்றூரில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் நட்பு வாய்த்தது. அவருடைய பட்டா நிலத்தின் கடைசியில், குன்றிலிருந்து நீர் கசிந்து வரும் ஒரு மூலையில், நாலைந்து பாய் விரிக்கும் பரப்பில் இச்செடிகள் ஆண்டுதோறும் முளைப்பதுண்டு. அவற்றுள் ஏழெட்டை மண்ணோடு பெயர்த்து, ஒரு மண்சட்டியில் வைத்து, மார்கழி மாதத்தில் நம்மிடம் தந்தார்.

“பூச்சி தின்னும் செடி, தம்பி. குழந்தைகளுக்குக் காட்டுங்கள்” என்றார்.

நம் மகளுக்கு அப்போது பத்து வயது. எறும்பு ஒன்று இலையோரத்தில் கால் வைத்ததும் விளிம்பிலுள்ள நீண்ட மயிர்கள் சில நொடிகளில் மடிந்து அதனை நடுவே தள்ளியதைக் கண்டு அவள் முதலில் அஞ்சினாள். பின்பு அவ்விடத்தை விட்டு அகலவில்லை. பர்மானியின் விளிம்பு மயிர்கள் இவ்வினத்தில் விரைவுக்குப் பேர் பெற்றவை.

சில நாட்களில் வட்டத்தின் நடுவிலிருந்து பூந்தண்டுகள் எழுந்தன. அங்கேதான் நாம் பிழை செய்தோம். வளர்ப்புச் செடிகளைப் பற்றிய ஒரு கையேட்டில், பூச்சியுண்ணும் செடி பூத்தால் களைத்துவிடும், தண்டை இளமையிலேயே நறுக்கிவிடுக என்று படித்திருந்தோம். படித்தவர்க்கு ஏட்டின் மேல் உள்ள நம்பிக்கை பெரிது. கத்திரிக்கோலை எடுத்து எல்லாத் தண்டுகளையும் நறுக்கினோம். செடிகள் மாசி வரை வாழ்ந்தன. பின் ஒவ்வொன்றாகக் கருகி மறைந்தன. சட்டியில் வெறும் மண்ணே எஞ்சியது.

கையேடு பொய் சொல்லவில்லை. பல்லாண்டு வாழும் செடிகளுக்கு அவ்வுரை பொருந்தும். ஈப்பொறி எனப்படும் அமெரிக்கச் செடி பூத்தால் இலைகள் சிறுத்துப்போவதை வளர்ப்போர் அறிவர். அதற்கு அடுத்த ஆண்டு உண்டு. இங்குள்ள பர்மானியும் இண்டிகாவும் பெரும்பாலும் ஓராண்டுச் செடிகள். மழையோடு முளைத்து, பூத்து, விதைத்து, வெயில் ஏறும்போது மாள்வது அவற்றின் இயல்பு. அவற்றுக்குக் கிழங்கில்லை, அடுத்த ஆண்டுக்கென்று அவை விட்டுச் செல்வது விதை ஒன்றே.

புரட்டாசியில் மீண்டும் செடி கேட்டு ஆசிரியரிடம் சென்றோம். திண்ணையில் அமர்ந்திருந்தார். நிலத்தைக் காட்ட எழவில்லை. இளைய மகளின் திருமணச் செலவுக்காக அந்நிலத்தை விற்றுவிட்டதாகவும், வாங்கியவர் மண் கொட்டிச் சமன் செய்து மனைகளாகப் பிரித்துவிட்டதாகவும் கூறினார். நீர் கசிந்த மூலையின் மேல் இப்போது செம்மண் சாலை ஓடுகிறது.

நாம் பூந்தண்டுகளை நறுக்கிய கதையைச் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை.

“நெற்பயிர் களைத்துவிடும் என்று கதிரை நறுக்குவார் உண்டோ தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

பின்பு உள்ளே சென்று ஒரு பழைய அஞ்சலுறையைக் கொண்டுவந்தார். முந்திய ஆண்டு, பேரப்பிள்ளைக்குக் காட்டுவதற்காக உலர்ந்த பூந்தண்டுகள் சிலவற்றை அதனுள் இட்டு வைத்திருந்தாராம். உறையைத் தட்டினால் மூலையில் மூக்குப்பொடி போலக் கரிய தூள் சேர்ந்தது. அவைதாம் விதைகள். “எனக்குக் கண் மங்கிவிட்டது, நீங்கள் கொண்டுபோங்கள்” என்றார். அந்த மூலையில் வாழ்ந்த செடிகளின் வழியில் நம் அறிவுக்கு எட்டியவரை எஞ்சியது அவ்வளவே.

விதைகளை இரண்டாகப் பகுத்து ஒரு பாதியை அந்த ஐப்பசியிலேயே விதைத்தோம். முளைத்தன. ஆனால் அன்பு மிகுதியால் மண்ணில் சிறிது தொழுவுரம் கலந்திருந்தோம். ஆழ்குழாய்க் கிணற்று நீரையே ஊற்றினோம். சட்டியின் விளிம்பில் வெள்ளை உப்புப் படிந்தது. குண்டூசித் தலை அளவு வளர்ந்த நாற்றுகள் பத்தே நாட்களில் பழுத்து மடிந்தன. பிற பயிர்க்கு அமுதாகும் உரம் இச்செடிக்கு நஞ்சாகும். சத்தற்ற, உப்பற்ற ஈர மண்ணில் வாழப் பழகிய வேர் இதனுடையது. வேர் தேட இயலாத தழைச்சத்தையும் மணிச்சத்தையும் இலை தேடித் தருவதற்காகவே இச்செடி பூச்சியைப் பற்றுகிறது.

இனி எஞ்சியிருந்தது ஒரு சிட்டிகை. அதனை அடுத்த ஆடி வரை உலர்வாக வைத்திருந்து, அதற்குள் படிக்க வேண்டியவற்றைப் படித்தோம்.

படித்தவற்றுள் நம்மை மிகவும் ஈர்த்தது ஒரு தந்தையும் மகனும் செய்த ஆராய்ச்சி. சார்லஸ் டார்வின் 1860-ஆம் ஆண்டு கோடையில் இங்கிலாந்தில் இச்செடியின் குளிர்நாட்டு வகையொன்றைக் கண்டு வியந்து, பதினைந்து ஆண்டுகள் இடையிடையே ஆராய்ந்து, 1875-இல் பூச்சியுண்ணும் செடிகளைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். இலை பூச்சியைச் செரிக்கிறது என்பதை அவர் நிறுவினார். ஆயினும் செரித்ததனால் செடிக்கு உண்மையில் என்ன பயன் என்று ஐயுற்றோர் இருந்தனர். அவ்வையத்தை அவர் மகன் பிரான்சிஸ் டார்வின் 1877-இல் எடுத்துக்கொண்டார். செடிகளைத் தட்டுகளில் நட்டார். ஒவ்வொரு தட்டையும் நடுவே தடுத்து இரு பாதியாக்கினார். பூச்சி புகாதபடி மெல்லிய துணியால் மூடினார். ஒரு பாதிக்கு வறுத்த இறைச்சியின் நுண்ணிய துணுக்குகளை இலைகளில் இட்டார். மறு பாதியைப் பட்டினி போட்டார்.

முடிவு 1878-இல் வெளியாயிற்று. பட்டினி கிடந்த செடிகளின் எடையை 100 எனக் கொண்டால், பூந்தண்டு நீங்கலாக உணவு பெற்ற செடிகளின் எடை ஏறத்தாழ 121. இது பெரிய வேற்றுமை அன்று. பூந்தண்டுகளின் எண்ணிக்கையோ 100-க்கு 165 ஆயிற்று. விதைகளின் எண்ணிக்கை 100-க்கு 241. விதைகளின் மொத்த எடை 100-க்கு 380-ஐ நெருங்கிற்று. உணவு உடலைச் சிறிதே வளர்த்தது. விதையைப் பன்மடங்கு பெருக்கியது. இச்செடி பூச்சியைப் பற்றுவது தன் உடலைக் கொழுக்கச் செய்ய அன்று. அடுத்த தலைமுறைக்குச் சோறு கட்டி வைப்பதற்கே என்று இதனால் அறிகிறோம். நாம் நறுக்கி எறிந்தது எதனை என்பதும் அப்போதுதான் முழுதும் விளங்கிற்று.

ஆடியில், பலமுறை கழுவிய தென்னை நார்த்தூளும் கழுவிய ஆற்று மணலும் கலந்து ஒரு தட்டில் பரப்பினோம். விதையை மேலே தூவினோம், மண்ணிட்டு மூடவில்லை. தூள் போன்ற விதைக்கு முளைக்க ஒளி வேண்டும். தட்டை நீருள்ள தாம்பாளத்தில் வைத்து அடியிலிருந்தே ஈரம் ஏறச் செய்தோம். நீர், மாடியில் பிடித்த மழைநீர். அது குறைந்தபோது உப்பு நீக்கிய நீர். குளிர்நாட்டு வகைகளின் விதைகள் சில வாரம் குளிரில் ஈரமாகக் கிடந்தாலன்றி முளையா. நம் நாட்டு விதைகளுக்கு அத்தகைய தவம் தேவையில்லை. வெம்மையும் ஈரமும் ஒளியும் போதும். மூன்று வாரம் கழித்து, உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்த்த மகள், “அப்பா, பனி!” என்று கூவினாள். கண்ணுக்குப் புலப்படாத அந்த நாற்று, முதல் இலையிலேயே பசைத்துளி ஏந்தியிருந்தது.

கார்த்திகையில் பூந்தண்டுகள் எழுந்தன. பெரணியின் இளந்தளிர்போல் நுனி சுருண்டு எழும் தண்டு, நாளடைவில் நிமிர்கிறது. ஒருபுறமாக வரிசையிட்ட மொட்டுகளில் கீழ்மொட்டு முதலில் மலரும். ஒவ்வொன்றாக மேலேறிச் செல்லும். ஆனால் இரண்டு வாரம் வரை நாம் ஒரு பூவையும் கண்டோம் இல்லை. காலையில் மொட்டு, மாலையில் வாடிய முடிச்சு. காரணம் எளியது. இப்பூ வெயில் ஏறிய பின் திறந்து, சில மணி நேரமே விரிந்திருந்து, மூடிவிடும். அந்த நேரத்தில் நாம் அலுவலகத்தில் சுற்றறிக்கைகளை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை ஒன்றில்தான் அதனைக் கண்டோம். அரிசிமணியினும் சற்றே பெரிய ஐந்து வெள்ளிதழ்கள். ஐந்து மகரந்தத் தாள்கள். நடுவே ஐந்து சூல்தண்டுகள். இவ்வினத்தில் பெரும்பாலானவற்றுக்குச் சூல்தண்டு மூன்றே. அவை அடிவரை பிளந்து ஆறுபோல் தோன்றும். ஐந்து தண்டு பர்மானிக்கு உரிய அடையாளங்களுள் ஒன்று.

தரையோடு ஒட்டிய செடி தன் உயரத்தினும் பன்மடங்கு நீண்ட தண்டில் பூவை ஏந்துவது ஏன்? உணவுக்கும் பூச்சி வேண்டும். மகரந்தம் கொண்டுவரவும் பூச்சி வேண்டும். தூதாக வருபவனை உணவாக்கிக்கொள்ளாமல் இருக்க, பூவை வலைக்கு எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறது என்று அறிஞர் பலர் கருதுவர்.

நம் தட்டு மாடத்தில், கொசுவலைக்குள் இருந்தது. தேனீயோ வண்டோ வர வழியில்லை. விதை பிடிக்குமோ என்று அஞ்சினோம். அவ்வச்சம் வீண். இவ்விரு வகைகளும் தற்சூல் கொள்பவை. பூ மூடும்போது இதழ்கள் உட்குவிந்து மகரந்தப் பைகளைச் சூல்முடியோடு சேர்த்துவிடுகின்றன. வாடிய இதழ்கள் தொப்பிபோல் சூலகத்தின் தலையில் ஒட்டிக்கொள்ள, அதன் கீழே காய் பருக்கிறது. மேகம் மூடிய நாளில் திறவாத மொட்டுகளும் காய்த்தன. தனியொரு செடி எஞ்சினாலும் வழி அறாதிருக்க இயற்கை செய்த ஏற்பாடு இது. ஆனால் ஒரே வழியில் வந்த விதையே தலைமுறைதோறும் தொடர்ந்தால் வேற்றுமை குறையும். ஆகவே கூடுமான அளவு பல செடிகளிலிருந்து விதை எடுத்து வைப்பது நன்று.

வாரம் ஒருமுறை சில இலைகளில் இறந்த கொசுவொன்றை இட்டு வந்தோம். இலைக்குப் பெரிதான இரையை இட்டால் பூஞ்சணம் பிடித்து இலையே அழுகும். சிறிதாக இட வேண்டும். உணவு பெற்ற செடிகள் மேலும் தண்டுகளை விட்டன. எண்ணிக்கை சொல்ல நாம் ஆய்வாளர் அல்லோம். ஆயினும் பிரான்சிஸ் டார்வினின் கணக்கு நம் மாடத்தில் பொய்க்கவில்லை என்று மட்டும் சொல்லலாம்.

காய் பழுப்பு நிறமாகி நுனி வெடிக்கும் தறுவாயே விதை எடுக்கும் காலம். ஒரு நாள் தாமதித்தாலும் காற்றில் ஆடும் தண்டு விதையைச் சிந்திவிடும். காலைப் பனி உலர்ந்த பின், மடித்த வெள்ளைத் தாளைக் கீழே ஏந்தித் தண்டை மெல்லச் சாய்த்துத் தட்ட வேண்டும். கரிய தூள் விழும். அதனைத் தாளிலேயே இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, தாள் உறையில் இட்டு, நாளும் இடமும் எழுதி, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பற்றும். வைத்திருக்கும் விதை முழுவதையும் ஒரே முறையில் விதைத்துவிடக் கூடாது என்பதை நாம் நட்டப்பட்டுக் கற்றோம்.

வெளி மாநிலங்களில் வாழும் நேயர்களுள் எவரேனும் இதனை வளர்க்க விரும்பினால் ஒன்று கூறுவோம். காட்டிலிருந்து செடியைப் பறிக்க வேண்டா. சேஷாசல மலைப்பகுதி 2010-ஆம் ஆண்டு முதல் உயிர்க்கோளக் காப்பகம். காப்புக்காட்டில் பறிப்பது குற்றமும் ஆகும். வளர்ப்போரிடமிருந்து விதை பெறுவதே முறை. தில்லியில் வாழ்வோர் கோடையின் அனற்காற்றிலிருந்தும் மார்கழிக் குளிரிலிருந்தும் தட்டைக் காக்க வேண்டும். வெயில் படும் சன்னலோரமும் மழைநீரும் இருந்தால், எந்த நகரத்து அடுக்குமாடியிலும் இச்செடி தன் ஓராண்டு வாழ்வை முடித்து விதை தரும். ஆனால் அவ்விதையை அறியாத ஊரின் குளங்களிலும் காடுகளிலும் தூவிவிட வேண்டா. ஒவ்வொரு நிலத்துக்கும் அதற்குரிய குடிகள் உண்டு.

இச்செடி உலகிலிருந்து மறைந்துபோகும் நிலையில் இல்லை. பர்மானி, இந்தியா தொடங்கிச் சீனம், தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா வரை பரவியுள்ளது. ஆனால் சித்தூரை அடுத்த அந்த ஒரு மூலையில் அது மறைந்துவிட்டது. அவ்வாறு மறையும் மூலைகளை எந்தப் பட்டியலும் குறித்து வைப்பதில்லை. அங்கு அது இருந்தது என்பதை ஆசிரியர் அறிவார், நாமும் அறிவோம்.

தைப் பொங்கலுக்கு மறுநாள், அதே பழைய அஞ்சலுறையில் புதிய விதையை நிரப்பி ஆசிரியரிடம் கொண்டு சென்றோம். அவர் உறையைக் காதருகே வைத்து அசைத்துப் பார்த்தார். கண் மங்கியவர்; தூளின் ஒலியைக் கேட்டு அளவை அறிந்தார்.

“கொடுத்ததைவிட மிகுதியாக இருக்கிறதே” என்றார்.

அன்று மாலையே தாம் முன்பு பணியாற்றிய பள்ளியிலிருந்து இரு மாணவர்களை வரவழைத்தார். தட்டு எவ்வாறு அமைக்க வேண்டும், எந்த நீர் ஊற்ற வேண்டும் என்பதை நாம் சொல்ல, அவர்கள் எழுதிக்கொண்டனர். உரம் இடலாமா என்று ஒருவன் கேட்டான். இடலாகாது என்றோம். தண்டு வந்தால் என்ன செய்வது என்று மற்றவன் கேட்டான். அதற்கு ஆசிரியரே விடை சொன்னார்: “ஒன்றும் செய்யாதே. பார்த்துக்கொண்டிரு.”